மில்லுக்கு வில்லன்... குக்கீக்கு தோஸ்த்!

என்ன பாஸ், பேக்கரி கண்ணாடிப் பெட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிற சாக்லேட் குக்கீயை ஒரு பார்வை, சட்டைப் பாக்கெட்டை ஒரு பார்வை பார்த்துட்டு, 'அண்ணே, ஒரு டீ, ஒரு தேங்காய் பன்' என்று முடித்துக்கொள்கிற கட்சியா நீங்க? கையைக் கொடுங்க. இந்த வாரம் முழுக்க உங்களுக்குத்தான்.

மேட்டர் இதுதான். கடித்தால் 'கடக்'கென்று உடையாமல், கமர்கட்டுக்குத் தம்பி மாதிரி லேசாக இழுத்து மெல்லக்கூடிய பதத்தில், சாக்லேட் மணத்தோடு ஒரு குக்கீ. தின்று முடித்து மூச்சை உள்ளே இழுத்தால் தொண்டையில் ஜில்லென்று ஒரு புதினாக் காற்று. இதை வீட்டிலேயே செய்யலாம். ஓவன் இல்லாமலே செய்யலாம். அம்மாவிடம் திட்டு வாங்காமலும் செய்யலாம், பாத்திரத்தை நீங்களே கழுவி வைத்தால்!

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. இங்கிலீஷ் சமையல் புத்தகத்தைத் திறந்ததும் முதல் ரெண்டு வரியிலேயே நாம தடுக்கி விழுவோம். 'பிரவுன் சுகர் ஒரு கப்' என்று ஒரு வரி. 'ஓவனை 175 டிகிரிக்குச் சூடாக்கவும்' என்று இன்னொரு வரி. நம்ம வீட்டில் ரெண்டுமே கிடையாது. உடனே, 'இதெல்லாம் பெரிய வீட்டு வேலைடா சாமி' என்று புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

அந்த இடத்தில்தான் கொஞ்சம் முரண்டு பிடிக்கணும். அந்த பிரவுன் சுகர் எங்கிருந்து வருகிறது என்று பின்னாடியே போய்ப் பாருங்க. அது நம்ம கரும்புக் காட்டில், உதாரணத்துக்குப் பெரம்பலூர் மாவட்டம் எறையூரில் வந்து நிற்கும்!

எறையூர் ஸ்டாப் எல்லாம் இறங்கு!

பெரம்பலூர் பக்கத்துப் பசங்களுக்கு எறையூர் என்றால் அறிமுகமே தேவையில்லை. பெரம்பலூர் சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். பேரில் பெரம்பலூர் இருந்தாலும் ஆலை இருப்பது எறையூரில். தமிழ்நாடு சர்க்கரைக் கழகத்தின் கீழே இயங்குகிற பொதுத்துறை ஆலை இது. இதன் கூடப்பிறந்தது தஞ்சாவூர் குருங்குளத்தில் இருக்கிற அறிஞர் அண்ணா சர்க்கரை ஆலை. அரவைப் பருவத்தில் கரும்பு லோடு டிராக்டருக்குப் பின்னாடி பஸ் மாட்டிக்கிட்டா, அன்னிக்கு ஃபர்ஸ்ட் அவர் அவ்வளவுதான். அந்த வேதனை உங்களில் பலருக்குத் தெரியும்.

அந்த டிராக்டர் உள்ளே போனதும் என்ன நடக்கிறது? நம்ம ஊர் ஆலைகளில் பொதுவாக நடப்பது இது. கரும்பை நறுக்கி, உருளைகளுக்கு நடுவே நசுக்கிச் சாறு எடுக்கிறார்கள். சாற்றில் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் சேர்த்து அழுக்கைப் பிரிக்கிறார்கள். தெளிந்த சாற்றைச் சுண்டக் காய்ச்சி, காற்றை உறிஞ்சிய பாத்திரத்தில் குறைந்த சூட்டில் சர்க்கரை மணிகளை வளர விடுகிறார்கள். கடைசியில் வேகமாகச் சுற்றுகிற ஓர் எந்திரத்தில் போட்டால், வாஷிங் மெஷின் துணியைப் பிழிகிற மாதிரி, மணிகள் உள்ளே நிற்கும். கறுப்பான பாகு வெளியே தெறிக்கும். நூறு கிலோ கரும்புக்குச் சுமார் ஒன்பது, பத்து கிலோ சர்க்கரை. அவ்வளவுதான்.

வெளியே தெறித்த அந்தக் கறுப்புப் பாகுக்குப் பெயர் மொலாசஸ். தமிழில் 'கழிவுப்பாகு'. பெயரிலேயே கழிவு! ஆலையின் கடைசிக் கழிவுப்பாகு எரிசாராயம் காய்ச்சப் போகிறது. அதை நேராக வாங்கிச் சமையலில் போட முடியாது, முயற்சி செய்யாதீங்க. ஆனால் அந்தக் கறுப்பு நிறத்துக்குள்ளே ஒளிந்திருக்கிற சமாசாரம்தான் குக்கீயை மெல்ல வைக்கிறது.

பிரவுன் சுகர்... யாருப்பா நீ?

வெளிநாட்டு பிரவுன் சுகர் பெரும்பாலும் எப்படித் தயாராகிறது தெரியுமா? முதலில் சர்க்கரையைச் சுத்தமாக வெள்ளையாக்குகிறார்கள். அப்புறம், பிரித்தெடுத்த மொலாசஸை அளவாகத் திரும்பக் கலக்கிறார்கள். இளம் பழுப்பு என்றால் சுமார் 3.5 சதவீதம், கரும் பழுப்பு என்றால் சுமார் 6.5 சதவீதம். மொட்டை அடித்துவிட்டு விக் வைக்கிற மாதிரி!

நம்ம ஊரில் மொட்டையே அடிப்பதில்லை. கரும்புச் சாற்றைக் கொப்பரையில் ஊற்றி, கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சி, பதம் வந்ததும் மரத் தட்டில் கொட்டித் தேய்த்துத் தேய்த்துப் பொடியாக்கினால் அதுதான் நாட்டுச்சர்க்கரை. மொலாசஸை யாரும் பிரிக்கவே இல்லை. அது உள்ளேயே இருக்கு. ஆக, புத்தகத்தில் 'பிரவுன் சுகர்' என்று போட்டிருந்தால் நாம் மளிகைக் கடைக்குப் போய், 'அண்ணாச்சி, நாட்டுச்சர்க்கரை கால் கிலோ' என்று கேட்டால் போதும். மேட்டர் ஓவர்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பளபளவென்று மஞ்சளாக, பார்க்க அழகாக இருப்பதை நம்பாதீங்க. நிறம் வெளுக்க 'ஹைட்ரோஸ்' என்கிற ரசாயனம் போடுவதும், எடை கூட வெள்ளைச் சர்க்கரை கலப்பதும் நடக்கிற சங்கதிதான். கொஞ்சம் கறுத்து, கையில் பிசுபிசுக்கிறதுதான் நமக்கு நல்ல சரக்கு. அந்தப் பிசுபிசுப்பை ஞாபகம் வச்சுக்குங்க, கதைக்கு அதுதான் ஹீரோ.

ஒண்ணு உடையுது, ஒண்ணு மெல்லுது... ஏன்?

கெமிஸ்ட்ரி லேப்பில் தூங்கினவர்களும் இந்தப் பாராவை மட்டும் முழிச்சிருந்து படிங்க.

வெள்ளைச் சர்க்கரை என்பது கிட்டத்தட்ட முழுக்க சுக்ரோஸ். ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கைகோத்து நிற்கிற ஜோடி. சூட்டில் இது கரையும். குக்கீ ஆறும்போது திரும்ப வரிசை கட்டி மணியாக உறையப் பார்க்கும். உறைந்தால் என்னாகும்? மொறுமொறு. டீக்கடை பட்டர் பிஸ்கட் மாதிரி கடித்ததும் உடையும்.

நாட்டுச்சர்க்கரையில் சுக்ரோஸோடு, கையை விட்டுப் பிரிந்துபோன குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கொஞ்சம் இருக்கும். இந்தப் பிரிந்த கூட்டத்துக்கு 'இன்வெர்ட் சுகர்' என்று பெயர். இதுங்க ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு, சுக்ரோஸ் வரிசை கட்டும்போது நடுவில் புகுந்து கலாட்டா பண்ணி, உறைய விடாமல் தடுக்குது. ரெண்டு, தண்ணீரைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொள்ளுது. முக்கியமாக ஃப்ரக்டோஸ், காற்றில் இருக்கிற ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும். உறையாத சர்க்கரை, காயாத ஈரம். இந்த ரெண்டும் சேர்ந்தால் மெல்லுகிற குக்கீ. நாட்டுச்சர்க்கரை கையில் பிசுபிசுப்பதற்கும் இதே ஈரம்தான் காரணம்.

மில் வாசலில் நிற்கிற வண்டி

இப்ப கொஞ்சம் சீரியஸ் மேட்டர். ஸ்கிப் பண்ணாதீங்க, ப்ளீஸ்.

இந்த 'இன்வெர்ட்' ஆகிற வேலை சமையலறையில் மட்டும் நடப்பதில்லை. கரும்பை வெட்டிய நிமிடத்திலிருந்தே நடக்க ஆரம்பிக்கிறது. கரும்புக்குள்ளேயே இருக்கிற இன்வெர்டேஸ் என்கிற நொதி, ஜோடியாக இருக்கிற சுக்ரோஸைப் பிரித்துப் போடுகிறது. வெட்டுப்பட்ட முனை வழியாக பாக்டீரியாவும் உள்ளே நுழைந்து தன் பங்குக்கு வேலையைக் காட்டுகிறது. ஆலைக்கு வேண்டியது மணியாக உறைகிற சுக்ரோஸ் மட்டும்தான். பிரிந்துபோன சர்க்கரை மணியாக உறையாது. நேராகக் கழிவுப்பாகுக்குள் போய்ச் சேரும். அதனால்தான் வெட்டிய கரும்பை 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிட வேண்டும் என்பார்கள். பங்குனி, சித்திரை வெயிலில் அதுகூட அதிகம்.

ஆக, குக்கீக்குத் தோஸ்த்தாக இருக்கிற அதே சமாசாரம் சர்க்கரை ஆலைக்கு வில்லன். ஆலைக்கு மட்டுமா? அந்த டிராக்டர் மேலே தலைப்பாகை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவருக்கும்தான்.

கணக்கைப் பாருங்க. 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த கரும்பு விலை, 10.25 சதவீதம் சர்க்கரை கிடைக்கிற ஆலைக்கு, குவிண்டாலுக்கு 355 ரூபாய். அந்த சதவீதம் 9.5-ம் அதற்குக் கீழேயும் இருந்தால் 329 ரூபாய் 5 காசு. டன்னுக்குப் பார்த்தால் 3,550 ரூபாய்க்கும் 3,290 ரூபாய் 50 காசுக்கும் நடுவிலே 259 ரூபாய் 50 காசு வித்தியாசம். இந்த சதவீதத்தை ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை. ஆலை மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். அதனால் ஒருத்தர் கரும்பு காய்ந்தால், ஊரே கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்கிறது.

எடை மட்டும் தனி ஆள் நஷ்டம். பத்து டன் கரும்பு வெயிலில் நின்று ஐந்து சதவீதம் எடை இழந்தது என்று வையுங்க. அரை டன் காற்றில் போச்சு. குறைந்த விலைக்கே கணக்குப் போட்டாலும் 1,645 ரூபாய். யாரும் திருடவில்லை, எங்கேயும் சிந்தவில்லை. தண்ணீர் ஆவியாகப் போய்விட்டது. கட்டிங் ஆர்டர் தாமதமாக வருவதும், வெட்டுகிற ஆள் கிடைக்காததும், வண்டி வரிசையில் நிற்பதும் ஏன் நம்ம வீடுகளில் அவ்வளவு பெரிய பேச்சாக இருக்கிறது என்று இப்போது புரிகிறதா?

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்க. 1966-ம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு கொடுத்த 14 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். தாமதமானால் ஆண்டுக்கு 15 சதவீதம் வட்டி உண்டு. உங்கள் காலேஜ் ஃபீஸ் கரும்புப் பணத்தில் கட்டப்படுகிறது என்றால், இந்த ரெண்டு எண்களும் உங்கள் சிலபஸில் இல்லாவிட்டாலும் உங்கள் பாடம்தான்.

சரி, முகத்தைத் தொங்கப் போடாதீங்க. அடுப்புப் பக்கம் போவோம்.

புதினா ஏன் ஜில்லுங்குது?

'ஃப்ரிட்ஜிலே வைக்காத குக்கீ எப்படிங்க ஜில்லுனு இருக்கும்?' என்று கேட்கிற புத்திசாலிக்கு ஒரு சபாஷ். உண்மையில் அது ஜில் இல்லை, ஏமாற்று வேலை. நம்ம நாக்கிலும் தோலிலும் குளிரைக் கண்டுபிடிக்கிற ஒரு புரதக் கதவு இருக்கு. பெயர் டிஆர்பிஎம்8. குளிர் பட்டால் அது திறந்து, மூளைக்கு 'குளிருதுடா' என்று தந்தி அடிக்கும். பெப்பர்மிண்ட்டில் இருக்கிற மென்தால், குளிரே இல்லாதபோதும் அந்தக் கதவைத் திறந்துவிடுகிறது. மூளையும் நம்பிவிடுகிறது! டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் என்கிற ரெண்டு விஞ்ஞானிகள் தனித்தனியாக இந்த மென்தாலை வைத்துத்தான் அந்தக் கதவைக் கண்டுபிடித்தார்கள். சூட்டையும் தொடுதலையும் உடம்பு எப்படி உணர்கிறது என்ற ஆராய்ச்சிக்காக இந்த ரெண்டு பேருக்கும் 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே ஒரு பிராக்டிகல் பாயிண்ட். நாம பிரியாணிக்கும் சட்னிக்கும் போடுகிற புதினா பெரும்பாலும் ஸ்பியர்மிண்ட் வகை. அதோட மணத்துக்குக் காரணம் கார்வோன் என்கிற பொருள். மென்தால் அதில் ரொம்பக் குறைவு. அதனால் சட்னிப் புதினா போட்டால் வாசனை வரும், 'ஜில்' வராது. ஜில் வேண்டும் என்றால் பெப்பர்மிண்ட் எசென்ஸ் வேண்டும். அது கிடைக்காவிட்டால் பெட்டிக்கடை வெள்ளைப் பெப்பர்மிண்ட் மிட்டாய் ஏழெட்டை அம்மியில் வைத்து நுணுக்கிப் போடுங்க. வேலை முடிஞ்சுது.

ரெடி... ஸ்டார்ட்!

பதினைந்து, பதினாறு குக்கீக்குக் கணக்கு இது.

மைதா 120 கிராம். இனிப்பில்லாத கோகோ பவுடர் 30 கிராம். உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம். நாட்டுச்சர்க்கரை 100 கிராம். வெள்ளைச் சர்க்கரை 40 கிராம். முட்டை ஒண்ணு. சமையல் சோடா அரை டீஸ்பூன். உப்பு ஒரு சிட்டிகை. பொடிசாக நறுக்கிய சாக்லேட் 60 கிராம். பெப்பர்மிண்ட் எசென்ஸ் கால் டீஸ்பூன், அதற்கு மேலே ஒரு சொட்டுகூட வேண்டாம். கூடினால் பற்பசை தின்ற மாதிரி ஆகிவிடும். கையில் புதினாக் கீரை இருந்தால் பத்துப் பதினைந்து இலை.

ஒண்ணு: வெண்ணெயை லேசாக உருக்குங்க. கொதிக்க விட வேண்டாம். புதினா இலையைக் கசக்கி அதில் போட்டு, இருபது நிமிடம் மூடி வைத்துவிட்டு வடிகட்டுங்க. புதினாவின் மணம் எண்ணெயில் கரைகிற சமாசாரம். தண்ணீரைவிட வெண்ணெயில் நன்றாக இறங்கும். சித்திரை மாசத்துப் பெரம்பலூரில் வெண்ணெயை உருக்க அடுப்பே தேவையில்லை, ஜன்னல் ஓரம் வைத்தாலே போதும் என்பது வேறு விஷயம்!

ரெண்டு: கட்டி இல்லாமல் சலித்த நாட்டுச்சர்க்கரை, வெள்ளைச் சர்க்கரை ரெண்டையும் வெண்ணெயில் போட்டு நன்றாகக் கலக்குங்க. வெண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு முட்டையை உடைத்து ஊற்றுங்க. அவசரப்பட்டுச் சூட்டில் ஊற்றினால் ஆம்லெட்தான். எசென்ஸையும் இப்போதே சேருங்க.

மூணு: மைதா, கோகோ, சோடா, உப்பு நாலையும் ஒன்றாகச் சலித்து இதில் கொட்டிக் கரண்டியால் கலக்குங்க. மாவு மறைகிற வரைக்கும்தான். சப்பாத்தி மாவு மாதிரி போட்டுப் பிசைந்தால் குக்கீ ரப்பர் செருப்பாகிவிடும். கடைசியில் சாக்லேட் துண்டு, அல்லது நுணுக்கிய பெப்பர்மிண்ட் மிட்டாய்.

நாலு: மூடி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்க. இதை மட்டும் விட்டுவிடாதீங்க. நம்ம ஊர் வெக்கையில் வெண்ணெய் இளகியே இருக்கும். அப்படியே சூட்டில் வைத்தால் குக்கீ தோசையாகப் பரவிவிடும்.

முட்டை சாப்பிடாத வீடா? ஆளிவிதைப் பொடி ஒரு டேபிள் ஸ்பூனை மூன்று டேபிள் ஸ்பூன் தண்ணீரில் பத்து நிமிடம் ஊற வைத்தால் கொழகொழவென்று வரும், அதைச் சேருங்க. தயிரும் போடலாம், ஆனால் மெல்லுகிற பதம் குறைந்து கேக் மாதிரி மெத்தென்று ஆகிவிடும்.

நாட்டுச்சர்க்கரைக்குப் பதில் வெல்லம் போடலாமா என்று கேட்பீங்க. வெல்லத்தில் மண்ணும் தூசியும் இருக்கும், கரைத்து வடிகட்டணும். கரைத்தால் தண்ணீர் கூடும், மாவு தளர்ந்துவிடும். வேண்டாம், நாட்டுச்சர்க்கரையே ராஜா.

ஓவனா? கடலை வறுக்கிறவரைப் பாருங்க!

தேர்த் திருவிழாவில் தள்ளுவண்டிக்காரர் கடலை வறுப்பதைப் பார்த்திருப்பீங்க. இரும்புச் சட்டியில் மணல், மணலுக்குள் கடலை. மணல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் சமமாகக் கொடுக்கும். நம்ம ஓவனும் அதே டெக்னிக்தான்.

அடிகனமான பழைய பாத்திரம் ஒன்று எடுங்க. சுத்தமான மணல் அல்லது கல் உப்பை இரண்டு விரல் உயரம் பரப்புங்க. அதன் மேலே ஒரு ஸ்டாண்ட். கெட்டியாக மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்குங்க. தண்ணீர் ஊற்றவே கூடாது. புது பிரஷர் குக்கரை இதற்குப் பலி கொடுக்காதீங்க. தண்ணீர் இல்லாமல் காய்ந்தால் கெட்டுப்போகும். பழைய குக்கர்தான் இருக்கிறது என்றால் வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்றணும். இதில் விளையாட்டு வேண்டாம்.

வெண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டில், சின்ன எலுமிச்சம்பழ அளவு உருண்டைகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்க. லேசாகத் தட்டி விடுங்க. தட்டு ஸ்டாண்ட் மேலே உட்காரணும், மணலில் படக்கூடாது. மூடி, தீயைக் குறைத்து, 12 முதல் 15 நிமிடம். ஒவ்வொரு வீட்டு அடுப்பும் ஒவ்வொரு குணம். அதனால் முதலில் ஒரே ஒரு குக்கீயை மட்டும் வைத்து நேரத்தைக் கண்டுபிடியுங்க. நிஜமான ஓவன் இருக்கிற அதிர்ஷ்டசாலிகளுக்கு 175 டிகிரி செல்சியஸில் 10, 11 நிமிடம்.

எப்போது எடுப்பது? இதுதான் பரீட்சையே. ஓரம் கெட்டியாகி இருக்கணும். நடு, தொட்டால் குழைகிற மாதிரி இருக்கணும். 'ஐயோ, இன்னும் வேகலையே' என்று மனசு அடித்துக்கொள்ளும். அந்த நிமிடத்தில் எடுத்துவிடணும். தட்டிலேயே பத்து நிமிடம் ஆற விட்டால், உள்ளே இருக்கிற சூடே மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நடுவும் கெட்டியாகும் வரைக்கும் அடுப்பிலேயே வைத்தால் ஈரம் எல்லாம் போய், ஆறினதும் மொறுமொறு பிஸ்கட்தான் கிடைக்கும். கோகோ நிறத்தில் கருகினது கண்ணுக்குத் தெரியாது. மூக்கையும் விரலையும் நம்புங்க.

ஆறினதும் காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பாவில் போட்டு, கூடவே ஒரு துண்டு பிரெட் வையுங்க. ரெண்டு நாளில் பிரெட் காய்ந்து கட்டையாகும்; குக்கீ அப்படியே மெத்தென்று இருக்கும். ஏன் என்று இப்போது நீங்களே சொல்லுவீங்க. ஈரத்தை இழுக்கிறதில் நம்ம ஹீரோவை யாரும் ஜெயிக்க முடியாது.

'ஒரிஜினல்' யாரு?

'என்னதான் சொல்லுங்க, நாட்டுச்சர்க்கரை, மணல் சட்டியெல்லாம் ஒரிஜினல் ஆகுமா?' என்று ஒரு நண்பர் கேட்பார். எல்லா செட்டிலும் ஒருத்தர் உண்டு. அவருக்கு ரெண்டு கதை சொல்லுங்க.

தலசேரியில் மாம்பள்ளி பாபு என்று ஒரு பேக்கரிக்காரர். 1883-ல் அஞ்சரக்கண்டிப் பட்டைத் தோட்டத்துத் துரை மர்டோக் பிரவுன் ஓர் இங்கிலீஷ் கிறிஸ்துமஸ் கேக்கைக் கொண்டுவந்து கொடுத்து, இதே மாதிரி செய்யச் சொன்னாராம். பிராந்தி சேர்க்கணும் என்றாராம். பாபுவோ உள்ளூர்ச் சரக்கை ஊற்றி, உள்ளூர்ப் பொருட்களைச் சேர்த்துச் செய்து கொடுத்தார். துரை அசந்துபோனார் என்பது தலசேரியில் இன்றும் சொல்லப்படுகிற கதை. இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று பெயர் வாங்கியது அந்த 'டூப்ளிகேட்'தான்!

ரெண்டாவது, சாக்லேட் சிப் குக்கீ. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் விட்மன் ஊரில் டோல் ஹவுஸ் என்ற உணவு விடுதி நடத்திய ரூத் வேக்ஃபீல்ட் 1930-களில் உருவாக்கியது. சாக்லேட் கரைந்துவிடும் என்று நினைத்துப் போட்டாராம், கரையவில்லையாம், அதிர்ஷ்டத்தில் பிறந்த குக்கீ என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்பாதீங்க. அவர் 1924-ல் வீட்டு நிர்வாகக் கலை படித்துப் பட்டம் வாங்கியவர், பாடம் நடத்தியவர். சூட்டில் சாக்லேட் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா? படித்த படிப்பை அடுப்படியில் பயன்படுத்திய ஒரு பெண்ணுக்கு, ஊர் 'அதிர்ஷ்டம்' என்று பெயர் வைத்தது. அவ்வளவுதான்.

பசங்களா, உங்களுக்கும் இதில் ஒரு செய்தி இருக்கு. அடுப்படி அக்கா, தங்கச்சி டிபார்ட்மென்ட் என்று ஒதுங்கிக்கிட்டா, நல்ல லேப் ஒன்றை மிஸ் பண்றீங்க.

ஒரு சின்ன அசைன்மென்ட்

அரை அளவு மாவை முழுக்க வெள்ளைச் சர்க்கரையில் செய்யுங்க. அரை அளவை முழுக்க நாட்டுச்சர்க்கரையில் செய்யுங்க. முட்டையை நன்றாக அடித்துப் பாதிப் பாதியாக ஊற்றிக்கொள்ளுங்க. மற்ற எல்லாம் ஒரே அளவு, ஒரே தீ, ஒரே நேரம். முதல் நாள், மூன்றாவது நாள், ஐந்தாவது நாள் ஒவ்வொரு குக்கீயை எடுத்து உடைத்துப் பாருங்க. எது உடைகிறது, எது வளைகிறது? தராசு கிடைத்தால் எடையும் போட்டுக் குறித்து வையுங்க. ஃபுட் டெக்னாலஜி, கெமிஸ்ட்ரி படிக்கிறவங்களுக்கு இது மினி ப்ராஜெக்ட். மற்றவர்களுக்கு மினி டிபன். ஐந்தாவது நாள் வரைக்கும் குக்கீ மிச்சம் இருந்தால்தான் பரிசோதனை முடியும் என்பதால், ஹாஸ்டல்வாசிகள் டப்பாவைப் பூட்டி வைப்பது நலம்.

நன்றாக வந்தால், நாலு பேர் 'விக்கலாமேடா' என்று உசுப்பேற்றுவார்கள். விற்கலாம். ஆனால் வீட்டிலிருந்து விற்றாலும் 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்யணும். முட்டை, கோதுமை, பால் சேர்ந்திருக்கிறதை டப்பா மேலே எழுதணும். வெண்ணெய், சாக்லேட், கேஸ், உங்கள் உழைப்பு எல்லாவற்றையும் கூட்டி விலை வையுங்க. உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விலை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால், கரும்பு போடுகிற ஏதாவது ஒரு பெரியப்பாவைக் கேளுங்க, விளக்கமாகச் சொல்லுவார்.

கேட்கும்போது சும்மா போகாதீங்க. டப்பாவில் நாலு குக்கீ எடுத்துக்கிட்டுப் போங்க. 'என்னப்பா இது, பர்பி மாதிரி இருக்கு, வாயெல்லாம் ஜில்லுங்குது' என்பார். அது மெல்லுகிற பதத்தில் இருப்பதற்கும், போன வருஷம் அவர் வண்டி வரிசையில் நின்றபோது கரும்புக்குள் நடந்ததற்கும் ஒரே காரணம்தான் என்று சொல்லிப் பாருங்க. நொதி, இன்வெர்ட் என்ற வார்த்தையெல்லாம் அவருக்குப் புதுசாக இருக்கலாம். ஆனால் வெட்டிப் போட்ட கரும்பு எத்தனை மணி நேரத்தில் என்ன ஆகும் என்பதில், நீங்க அவரிடம்தான் டியூஷன் எடுக்கணும்.

என்ன, அடுப்பைப் பற்ற வைச்சாச்சா? அடுத்த வாரம் சந்திப்போம்!